குமிழி வராத முட்டைகள்

போடிநாயக்கனூர்
25-3-1974

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி குருசாமி அவர்களுக்கு,

செல்வமணி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் இங்கு சுகம். தங்கள் சுகமும், சம்பந்தியம்மாளின் கால்வீக்கம் வடிந்ததா என்பதும், மாப்பிள்ளை ஆதித்தன், என் மகள் கிருபாவதி, பேரப்பிள்ளைகள் சுகிர்தம், பொன்ராஜ் ஆகியோரின் நலமும் அறிய ஆவல்.

தங்கள் கார்டு கிடைத்தது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பேரப்பிள்ளைகள் போடிக்கு வந்து என்னோடு முட்டைக்குச் சாயம் ஏற்றுவது வழக்கம். இந்த வருஷம் அதைத் தேனியில், தங்கள் பெயிண்ட் கடை மாடியில் வைத்துக்கொள்ள விரும்புவதாகவும், முறையை நான் எழுதி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வரிசை இல்லாமல் எழுதினால் எனக்கே குழம்பிவிடும். ஆகையால் எழுதப்போவதை முதலில் எண்ணிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

1. முட்டை தேர்வும் அவித்தலும்.
2. மெழுகு எழுத்து.
3. சோடாத் தண்ணீர்.
4. சாயம்.
5. இது பற்றி என் மனநிலை.

முதலாவது. பண்ணை முட்டையாக, வெள்ளை ஓடாக வாங்கவும். நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பில் சாயம் எடுபடாது. பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றவும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் ஓடு வெடிக்கும். அவித்ததும் நன்றாக ஆற விடவும்.

இரண்டாவது. வெள்ளை மெழுகுவர்த்தியின் நுனியால் ஓட்டின் மேல் பெயரோ சிலுவையோ பூவோ எழுதச் சொல்லவும். எழுதும்போது கண்ணுக்குத் தெரியாது. சாயத்திலிருந்து எடுக்கும்போது மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். பிள்ளைகள் காத்திருப்பது அதற்குத்தான். பொன்ராஜ் அழுத்தி எழுதி உடைத்துவிடுவான். அவனுக்கு மட்டும் இரண்டு முட்டை கூடுதலாக வைத்திருக்கவும்.

மூன்றாவது. இதுதான் இந்த வேலையின் உயிர். நான் ஏலக்காய் பதப்படுத்தும் ஸ்டோரில் மேற்பார்வை பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். பறித்த பச்சைக் காயை உலர்த்தும் அறைக்கு அனுப்புமுன் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் சற்று நேரம் ஊறவைப்போம். சோடா பச்சையைப் பிடித்து நிறுத்தும். உலர்ந்த பிறகும் காய் வெளுக்காது. நிறம் நிற்க வேண்டுமென்றால் முட்டைக்கும் அதுவே வழி என்று நான் யோசித்து ஏற்படுத்திய முறை இது. ஒரு படி தண்ணீருக்கு ஒரு கரண்டி சோடா. ஆறிய முட்டைகளை அதில் இறக்கினால் ஓட்டின் மேல் பொடிப்பொடியாகக் குமிழி கட்டும். சோடா வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். குமிழி கட்டும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டவும். பிறகு கழுவாமல் அப்படியே சாயத்துக்கு மாற்றவும்.

நான்காவது. மிட்டாய்க்காரர்கள் வாங்கும் கலர்ப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் கரைக்கவும். சுடுதண்ணீர் என்றால் மெழுகு உருகிவிடும். தங்கள் கடைப் பெயிண்ட் தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகள் தின்கிற முட்டை.

ஐந்தாவது. குழந்தைகள் எங்கிருந்து செய்தாலும் எனக்கு ஒன்றே. இதில் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் அன்பை மறவாத,
ஞா. செல்வமணி


தேனி
30-3-1974

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்திக்கு,

குருசாமி வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். எல்லோரும் சுகம். ஞானபாக்கியத்தின் கால் பரவாயில்லை, சந்தைக்கு நடந்து போய் வருகிறாள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

நீங்கள் எழுதியது கடிதம் மாதிரி இல்லை, சர்க்கார் உத்தரவு மாதிரி இருந்தது. வீட்டில் சத்தம் போட்டு வாசித்தேன். ஞானபாக்கியம், “படிச்சவுக படிச்சவுகதான். நீங்க எழுதுனா பலசரக்குச் சீட்டு மாதிரில்ல இருக்கும்” என்று சொல்லிவிட்டாள். போதகரிடமும் காட்டினேன். “என் சம்பந்தி அந்தக் காலத்து பி.ஏ. ஏலக்காய்க்கு உள்ள சாஸ்திரத்தை முட்டைக்குக் கொண்டுவந்திருக்காக” என்றேன். அவருக்கும் சந்தோஷம்.

நம் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் எதற்கு என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் வரச் சொல்லிவிட்டேன். கல்யாண அண்டா ஒன்று வாடகைக்குச் சொல்லியாயிற்று. ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்குப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கவுனும் போட்டு, ஆளுக்கு ஒரு கலர் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் வரிசையாக வர வேண்டும். இதுதான் என் யோசனை.

சுகிர்தம் என்ன கேட்டாள் தெரியுமா? “போடித் தாத்தா இல்லாம முட்டை எப்படித் தாத்தா கலராகும்?” என்கிறாள். “ஏன் ஆத்தா, இந்தத் தாத்தா கலர்க் கடையே வச்சிருக்கேன்ல” என்றேன். “நீங்க செவத்துக்குத்தானே குடுப்பீக” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீங்கள் சனிக்கிழமை காலை ரயிலுக்கே வந்துவிட வேண்டும். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் பிரியமுள்ள,
குருசாமி


போடிநாயக்கனூர்
4-4-1974

அன்பு மகள் கிருபாவதிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நான் சுகம். ராக்கம்மாள் நேரத்துக்கு வந்து சமைத்துப் போடுகிறாள். உனக்குத் தலைவலி வருவதாக எழுதியிருந்தாயே, கண் பரிசோதனை செய்தாயா?

உன் மாமனார் கடிதம் வந்தது. நல்ல மனது, பெரிய எழுத்து. எனக்குச் சில விவரங்கள் தெரிய வேண்டும். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே என்று நான் சொல்லவில்லை. காட்டாமல் இருந்தால் நல்லது.

ஓய்வுநாள் பள்ளி முழுவதையும் அழைத்திருக்கிறாராமே. அத்தனை பிள்ளைகள் எழுதினால் எந்த முட்டை யாருடையது என்று எப்படித் தெரியும்? இங்கே நாம் நாலு பேர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து செய்வோம். பொன்ராஜ் என் மடியில் சாய்ந்துகொண்டு, “வந்திருச்சா தாத்தா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அங்கே அவன் யார் மடியில் சாய்வான் என்று நான் கேட்கவில்லை. மாடித் தரை சிமெண்ட் என்றால் சாக்கு விரித்துக் கொடு.

உன் மாமனார் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார். சாயங்காலம் கடலைமிட்டாய் வாங்கித் தருகிறார். காய்ச்சல் என்றால் தோளில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறார். எல்லாம் நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். கோடை விடுமுறை போக எனக்கு உள்ளது வருஷத்தில் ஒரு சனிக்கிழமை. அதையும் அவர் கேட்டார், நான் எண் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சரி என்று பட்டது, எழுதினேன். எழுதித் தபாலில் போட்ட பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நான் வரவில்லை. முழங்கால் வலி என்று அவரிடம் சொல்லிவிடு. வலி உண்மைதான். அந்த வலியோடுதான் போன மாதம் மார்க்கையன்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தேன் என்பதும் உண்மை. அவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் காட்டுவதை நானும் மற்றவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டுமா? இப்படி எண்ணுவது சரியில்லை என்று தெரிகிறது. தெரிந்தும் எண்ணம் போகவில்லை.

சோடாத் தண்ணீரை மட்டும் எப்போதும்போல் நீயே கலந்து கொடு. அளவு உன் கைக்குத் தெரியும்.

அப்பா


தேனி
8-4-1974

அன்புள்ள அப்பாவுக்குக் கிருபாவதி வணக்கம்.

எல்லோரும் சுகம். கண்ணில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா, நீங்கள் கட்டாயம் வாருங்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததுமே வந்துவிடுங்கள். சோடாத் தண்ணீரைத் தானே கலக்கப்போவதாக மாமா சொல்கிறார். “சம்பந்தி எழுதுனது எழுதுனபடி, எம் கையால” என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். என்னைக் கிட்டேயே விட மாட்டார் போலிருக்கிறது. உங்களிடம் நேரில் ஒன்று சொல்ல வேண்டும். கார்டில் எழுதுகிற விஷயம் இல்லை.

வாருங்கள் அப்பா. முழங்கால் வலியை நான் இன்னும் மாமாவிடம் சொல்லவில்லை.

கிருபாவதி


தேனி
17-4-1974

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் சுகமே.

தாங்கள் எழுதியிருந்த குறிப்பின்படி சனிக்கிழமை எல்லாம் செய்தோம். எழுத்துக்கு எழுத்து அப்படியே. தாங்கள் சொன்ன குமிழி வரவில்லை. சோடா போதவில்லையோ என்று இன்னும் போட்டேன். அப்போதும் வரவில்லை. பிள்ளைகளை வரச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வரச் சொல்லி, காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

சாயத்திலிருந்து எடுத்த முட்டைகள் முதலில் நிறமாகத்தான் தெரிந்தன. ராத்திரி முழுக்க உலர்த்தினோம். ஞாயிறு காலை பிள்ளைகள் கையில் பிடித்து வரிசையில் வரும்போது கைவேர்வை பட்டுச் சாயம் கரைந்து ஒழுகியது. வெள்ளைக் கவுன், வெள்ளைச் சட்டை எல்லாம் சிவப்பும் பச்சையும். பிரசங்கம் நின்றுவிட்டது. தாய்மார்கள் எழுந்துவந்து பிள்ளைகளை வெளியே தூக்கிப் போனார்கள். மெழுகில் எழுதிய பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை, ஏனென்றால் முட்டை முழுவதும் வெள்ளை.

தாங்கள் பல வருஷம் செய்து பார்த்த முறை. தாங்கள் நன்கு படித்தவர்கள். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
குருசாமி


போடிநாயக்கனூர்
20-4-1974

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். பிள்ளைகளின் துணிக்கறை போயிற்றா? சம்பந்தியம்மாள் வெயிலில் நின்று துவைத்துச் சிரமப்பட்டிருப்பார்கள்.

முறையில் குறை இருக்க வாய்ப்பில்லை என்றே தோன்றுகிறது. இங்கே ஒரு வருஷமும் தவறியதில்லை. செய்தபோது எங்காவது ஒரு சிறு மாற்றம் நேர்ந்திருக்கலாம். தங்களைக் கேள்வி கேட்பதாக எண்ண வேண்டாம். சோடா சலவைச் சோடாதானா, சமையல் சோடாவா? அண்டா செம்பா, அலுமினியமா? அவித்த முட்டை முழுவதும் ஆறிய பிறகுதான் இறக்கினீர்களா? பெரிய கூட்டத்தில் இவற்றைக் கவனிப்பது சிரமம். நாங்கள் இங்கே சிறிய அளவில் செய்வதால் கவனிக்க முடிகிறது, அவ்வளவுதான்.

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எப்போது அனுப்புவீர்கள் என்று தெரிவித்தால் ராக்கம்மாளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பேன்.

தங்கள்,
செல்வமணி


போடிநாயக்கனூர்
18-5-1974

அன்பு மகள் கிருபாவதிக்கு,

நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? நீ எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

உன் மாமனாருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. பிறகு ஒரு கார்டும் போட்டேன். அதற்கும் இல்லை. பள்ளிக்கூடம் மூடிப் பல நாளாகிறது, பிள்ளைகள் வரவில்லை. எதிர் வீட்டுக்குத் தேவாரத்திலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து தெருவை இரண்டாக்குகிறார்கள். நான் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன். வெக்கை என்று ராக்கம்மாளிடம் சொன்னேன். “வெக்கைக்குச் சன்னலைத் தெறப்பாக, நீங்க சாத்துறீக” என்கிறாள்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன். முட்டையில் சாயம் நிற்கவில்லை என்று உன் மாமனார் எழுதிய கடிதத்தை வாசித்தபோது, நான் சிரித்தேன். கவுனெல்லாம் கறையான இடத்தைத் திரும்ப வாசித்தேன். ராக்கம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன ஐயா, லாட்டரி விழுந்திருச்சா?” என்றாள். அவரால் முடியவில்லை, என்னால்தான் முடியும், பிள்ளைகள் இனி இங்கேதான் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். பொன்ராஜின் சட்டையும் அதில் ஒன்றாக இருந்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

பிள்ளைகள் ஏன் வரவில்லை? உள்ளதை எழுது.

அப்பா


தேனி
24-5-1974

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் எழுதவில்லை.

வீரபாண்டித் திருவிழாக் கூட்டம், பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்ற முடியாது என்று மாமா சொன்னார். திருவிழா முடிந்துவிட்டது. இப்போது பொன்ராஜுக்கு வேனல்கட்டி என்கிறார். கட்டி ஆறி ஒரு வாரம் ஆகிறது.

உள்ளதைக் கேட்டீர்கள். நீங்கள் வேண்டுமென்றே முறையை மாற்றி எழுதிவிட்டீர்கள் என்று மாமா நினைக்கிறார். அத்தையிடம் பேசியது என் காதில் விழுந்தது.

“படிச்ச மனுசர் கை தவறியா எழுதுவாக? குமிழி வரும், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கன்னு வேற எழுதியிருக்காக. நான் அண்டாவுக்குள்ள தலைய விட்டுப் பாக்கேன், அத்தனை பிள்ளைகளும் பின்னாடி நின்னு ‘வந்திருச்சா, வந்திருச்சா’ங்குதுக. எங்கன வருது?”

“விடுங்க, முட்டைதானே” என்றார் அத்தை.

“முட்டையா? வருசம் பூரா தூக்கிச் சொமக்கிறது நானு. பள்ளிக்கூடத்துக்கு நானு, ஆசுபத்திரிக்கு நானு. கேட்டா, போடித் தாத்தா முட்டை, போடித் தாத்தா முட்டை. ஒரு தடவை எம் பேரு வரட்டுமேன்னு பாத்தேன். அது அவுகளுக்குப் பொறுக்கலை.”

நான் கேட்டும் கேட்காததுபோல் அடுப்படிக்குப் போய்விட்டேன். சொல்ல வேண்டியது என்னிடம் இருந்தது.

அப்பா, நான் பக்கத்தில் இல்லாமல் நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். சோடாத் தண்ணீரையும் நீங்களே கலக்குங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கிருபாவதி


போடிநாயக்கனூர்
1-6-1974

அன்பு மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ சொன்னபடி செய்தேன். ராக்கம்மாள் வாசலில் நின்று, “வெளுக்கவா போட்டிருக்கீக? ஏற்கெனவே வெள்ளையாத்தானே இருக்கு” என்று கேட்டாள். முட்டையை இறக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். குமிழி வரவில்லை. கடைச் சோடாவில் கலப்படம் என்று நினைத்து, பழைய ஸ்டோரிலிருந்தே கொஞ்சம் கேட்டு வாங்கிவந்து மறுநாளும் செய்தேன். அதிலும் வரவில்லை. சாயத்தில் போட்டு எடுத்து உலர்த்தி, ஈர விரலால் தடவினேன். விரல் சிவப்பு, முட்டை வெள்ளை.

உன் மாமனார் அண்டாவுக்குள் குனிந்து பார்த்ததை நினைத்தேன். அவர் பின்னால் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். என் பின்னால் ராக்கம்மாள் மட்டும்தான், அதனால் நான் தப்பித்தேன்.

எத்தனையோ வருஷமாக இந்த வீட்டில் குமிழியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீ பாவாடை கட்டிய நாளிலிருந்து தண்ணீர் கலக்குவது நீதான். சோடாப் பொட்டலத்தை உன் கையில் கொடுப்பேன், நீ கொல்லைப்புறம் போய்க் கலந்து கொண்டுவருவாய். அதில் என்ன போட்டாய்?

அப்பா


தேனி
7-6-1974

அன்புள்ள அப்பாவுக்கு,

எலுமிச்சம்பழம்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். அதற்கு முந்தின வருஷம் நீங்கள் முதல்முதலாக இதைச் செய்தபோது சாயம் நிற்கவில்லை. சோடா அளவு தவறிவிட்டது என்று சொன்னீர்கள். அடுத்த வருஷம் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தீர்கள். கொண்டு போகும்போது கிணற்றடியில் தவறிக் கொட்டிவிட்டது. திட்டுவீர்கள் என்று பயந்து, பாத்திரம் துலக்க வைத்திருந்த எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து ஊற்றிக் கொண்டுவந்தேன். தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருந்தால் சோடா மாதிரி இருக்கும் என்றுதான். ஸ்டோர் வாசத்தில் இருந்து இருந்து உங்கள் மூக்குக்கு வேறு வாசம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். முட்டையை இறக்கியதும் குமிழி கட்டியது. “பார்த்தாயா, சோடா பேசுகிறது” என்று சொல்லி என்னைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அன்றைக்குச் சாயமும் பிடித்தது.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? கோயிலில், ஸ்டோரில், எல்லோரிடமும் சோடா முறையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு வருஷமும் சோடாவைக் கொட்டிவிட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். கல்யாணமாகிப் பிள்ளைகளோடு வந்தபோதும் பிழிந்தேன்.

நேரில் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன். நீங்கள் வரவில்லை. அன்றைக்கு மாமா சோடாவைக் கொட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு முன்னால் வாசித்து, “என் சம்பந்தியோட மூளை” என்று சொல்லிவிட்டுத்தான் கொட்டினார். அந்த இடத்தில் இது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நான் உள்ளதைச் சொன்னால், மாமா உங்களை ஒன்றும் தெரியாதவர் என்று நினைப்பார். சொல்லாவிட்டால், பொறாமையில் கெடுத்தவர் என்று நினைத்துக்கொண்டே இருப்பார். இரண்டில் எதை உங்களால் தாங்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. சோடா வாங்கி வந்தது நான். கடையில் வேறு பொடியைக் கொடுத்துவிட்டார்கள், நான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். மாமா என்னை இரண்டு நாள் திட்டுவார், அவ்வளவுதான். பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். நீங்கள் சரி என்று ஒரு கார்டு போட்டால் போதும்.

கிருபாவதி


போடிநாயக்கனூர்
14-7-1974

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி குருசாமி அவர்களுக்கு,

செல்வமணி வணக்கம். மழைச்சாரல் தொடங்கி முழங்கால் கொஞ்சம் தொந்தரவு செய்கிறது, மற்றபடி சுகம். தாங்களும் சம்பந்தியம்மாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

இதை எழுதத் தொடங்கிப் பல தாள் கிழித்துவிட்டேன். இந்த முறை எண் போடவில்லை. எண் போட்டு எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, அது போய்விட்டது.

நான் எழுதி அனுப்பிய சோடா முறை பிழை. தாங்கள் எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தீர்கள், அதனால்தான் கெட்டது. சோடா ஏலக்காயின் பச்சையைக் காக்கும். முட்டை ஓட்டில் சாயத்தைப் பிடிக்க விடாது. முட்டைக்கு வேண்டியது புளிப்பு. எங்கள் வீட்டில் இத்தனை வருஷம் சாயம் பிடித்தது எலுமிச்சம்பழத்தால். அதைப் பிழிந்தவள் கிருபாவதி, சிறுபிள்ளையாக இருந்தபோதிருந்து. சோடா என்று நினைத்து நான் பெயர் வாங்கினேன். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு ஒரு தடவைகூட எழுந்துபோய்ப் பார்க்காதவன், தங்களிடம் அண்டா செம்பா அலுமினியமா என்று கேட்டு எழுதினேன். அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

கிருபாவதியைக் கோபிக்க வேண்டாம். தகப்பனைச் சபையில் சிறுமைப்படுத்த மனம் வராமல் நின்றாள். பொடி மாறிவிட்டது என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வதாக எனக்கு எழுதினாள். நான் சம்மதித்து ஒரு கார்டு போட்டால் போதும் என்றாள். கார்டை எழுதினேன். ஐந்து வாரம் மேசைமேல் வைத்திருந்தேன். பத்து வயதில் அவள் எனக்குப் பயந்து உண்மையை மறைத்தாள், இப்போது முப்பத்திரண்டு வயதில் எனக்காகப் பொய்யே சொல்லத் தயாராக நிற்கிறாள் என்று தோன்றியபோது கார்டைக் கிழித்தேன்.

நான்கைந்து எலுமிச்சம்பழத்தை ஒரு படி தண்ணீரில் பிழிந்து வடிகட்டவும். முட்டையை இறக்கியதும் குமிழி கட்டும். நேற்று நானே செய்து பார்த்தேன். குமிழி பொங்கிப் பொங்கி வந்தது. ராக்கம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுக்கா இம்புட்டு நாளு?” என்று கேட்டாள். அடுத்த ஈஸ்டருக்குத் தேனியிலேயே வையுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முன்னால் தாங்கள் காட்ட வேண்டும். அழைத்தால் நான் வருகிறேன்.

இந்தப் பழத்தின் விஷயத்தைத் தங்களுக்குச் சொல்லாமல் நானே வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். வைத்துக்கொண்டால் பிள்ளைகள் இங்கேதானே வர வேண்டும். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வேண்டுமென்றே மாற்றி எழுதினேன் என்று தாங்கள் நினைத்ததாக அறிந்தேன். அது அப்படி இல்லை. ஆனால் அப்படி நினைக்கத் தங்களுக்கு நான் இடம் கொடுத்திருந்தேன். தங்கள் தோல்வியைப் படித்து இங்கே ஒருவன் சிரித்தான். தங்கள் தோளில் அந்தப் பிள்ளைகள் ஏறிக்கொள்வதாகக் கேள்விப்பட்ட ஒவ்வொரு முறையும் எனக்குத் தூக்கம் கெட்டது.

காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை இரண்டு நாளாவது அனுப்பி வையுங்கள். சாயம் ஒன்றும் செய்யப்போவதில்லை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது குறிப்பை எழுதியபோது அது தவறு என்று எனக்குத் தெரியாது. குழந்தைகள் எங்கிருந்து செய்தாலும் எனக்கு ஒன்றே, மனக்குறை இல்லை என்று ஐந்தாவதாக எழுதியிருந்தேன். அது தவறு என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

தங்கள்,
செல்வமணி